துருசுக்கு இந்தப் பக்கம்

ஒவ்வொரு வருடமும் பங்குனி, சித்திரை வாக்கில் எங்கள் கிளிநொச்சி மாவட்டத்தில் சிறுபோகத்துக்கான பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது, அந்த நீரைக்கொண்டு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், துருசு, அதாவது குளத்து மதகு, திறப்பது எப்போது, பூட்டுவது எப்போது, எத்தனை மாத நெல்லை விதைப்பது என்பனவற்றையெல்லாம் அதிகாரிகளும் கமக்கார அமைப்புகளின் பிரதிநிதிகளும் கூடியிருந்து பேசி முடிவுசெய்வார்கள். குளம் முழுதாக நிரம்பினால் 36 அடி. மாரி பொய்த்த வருடத்தில் அந்த எண் இறங்கிவிடும். அதற்கேற்பச் சிறுபோகக் காணியும் சுருங்கிவிடும். கூட்டத்துக்குப் போய்வந்து நான் படலையைத் திறக்கும்போதே அம்மா கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தினை அடியாம், பிள்ளை?"

அந்த எண்ணை மாற்றக்கூடியவர் அந்த மண்டபத்தில் ஒருவரும் இல்லை. வானம் பெய்ததிலும் கனகராயன் ஆறு கொண்டுவந்து சேர்த்ததிலும் வெயில் குடித்தது போக மிஞ்சியதுதான் அது. ஆனால், துருசால் வெளியேறும் நீர் பெரிய வாய்க்காலிலிருந்து பிரிந்து எங்கள் இரண்டு ஏக்கருக்கு வந்துசேரும் சின்ன வாய்க்கால் இருக்கிறதே, அதில் மண்டிக் கிடக்கும் சம்பையும் கோரையையும் வெட்டித் துப்புரவாக்குவது எங்கள் வேலை. அதைச் செய்யாதவருக்குக் குளம் வான் பாய்ந்தாலும் வயல் காய்ந்துதான் கிடக்கும். இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த எனக்கு, ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு முன்னாள் அடிமை இதையே முழு வாழ்க்கைக்குமான விதியாகச் சொல்லிவைத்திருக்கிறார் என்பது நாற்பது வயதைத் தாண்டி, ஒரு பெற்றோல் வரிசையில் நின்றபோதுதான் தெரியவந்தது.

2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதி அது. நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலம். நான் படிப்பிக்கும் பாடசாலைக்குப் போய்வர ஸ்கூட்டிக்கு இரண்டு மூன்று லீற்றர் கிடைத்தாலே போதும் என்ற நினைப்பில் விடிய நாலரை மணிக்கே போய் நின்றேன். எரிபொருள் கொண்டுவரும் பவுசர் வெளிக்கிட்டுவிட்டது என்றார்கள். வவுனியாவைத் தாண்டிவிட்டது என்றார்கள். பிறகு, அது நேரே யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டது என்றார்கள். கனடாவிலிருக்கும் தம்பி எப்போதோ அனுப்பி, நான் திறந்தும் பாராமல் விட்டிருந்த ஆங்கில நூலொன்றைப் பொழுது போகாமல் கைபேசியில் திறந்தேன். எபிக்டெட்டஸ் என்பவருடைய 'என்கிரிடியோன்'. கைநூல் என்று பொருள். மொத்தம் 53 சிறு பகுதிகள். உள்ளவற்றில் சில எங்கள் வசத்தில் இருக்கின்றன, சில இல்லை என்றுதான் அது தொடங்குகிறது. எங்கள் மதிப்பீடு, முனைப்பு, விருப்பு, வெறுப்பு ஆகியவை எங்கள் வசம். உடல், உடைமை, ஊரார் தரும் பெயர், பதவி ஆகியவை எங்கள் வசமல்ல. வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். பவுசர் துருசுக்கு அந்தப் பக்கம். வரிசையில் இடையே புகுந்த ஒருவரைப் பார்த்து என் வாய்வரைக்கும் வந்துவிட்ட சொல் துருசுக்கு இந்தப் பக்கம். எனக்கு அது பிடித்துப்போயிற்று. பதினொன்றரை மணிக்கு, பெற்றோல் இல்லை என்று மட்டையில் எழுதிக் கொழுவினார்கள். அன்றைக்கே மனம் அடங்கிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மையில் வீட்டுக்கு வந்து, சோறு ஆறிப்போயிற்று என்பதற்காக அம்மாவின்மேல் எரிந்து விழுந்தேன்.

எபிக்டெட்டஸ் சேர்ந்திருந்த மெய்யியல் மரபுக்கு ஸ்டோயிக் என்று பெயர். அந்தப் பெயர் ஏதென்ஸ் நகரச் சந்தைவெளியின் ஓரத்தில், ஓவியங்கள் தீட்டப்பட்டிருந்த ஒரு தூண் மண்டபத்திலிருந்து வந்தது. அப்படியான மண்டபத்தைக் கிரேக்கர் ஸ்டோவா என்றார்கள். கி.மு. 300 அளவில் அங்கே கற்பிக்கத் தொடங்கிய சீனோ, சைப்பிரஸ் தீவிலிருந்து வந்த வணிகர். ஊதாச் சாயம் ஏற்றிய கப்பல் உடைந்துபோக, கையில் ஒன்றுமில்லாமல் ஏதென்சுக்கு வந்தவர் என்று பழைய வரலாற்றுக் குறிப்பொன்று சொல்கிறது; கப்பல் உடைந்ததால்தான் தன் பயணம் நல்ல பயணமாயிற்று என்று அவர் பின்னாளில் கூறியதாகவும் அதில் இருக்கிறது. இந்தக் கதையில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. போர் முடிந்த 2009 இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முகாமுக்கு வந்த எங்களில் எவரும் அதனால் மெய்யியலாளர் ஆகிவிடவில்லை. சிலருக்கு நித்திரை போயிற்று, சிலருக்குப் பேச்சுப் போயிற்று. இழப்புக்கு மனிதரைப் பண்படுத்தும் குணம் இருக்கிறது என்பது இழக்காதவர்கள் விரும்பிச் சொல்லும் கதை.

எபிக்டெட்டசை மட்டும் எங்கள் ஊர்க்காரர் என்றே சொல்லிவிடலாம். இன்றைய துருக்கியிலுள்ள ஹியராப்பொலிஸ் அவர் பிறந்த ஊர். பெயருக்கே, உடைமையாகப் பெறப்பட்டவன் என்றுதான் பொருள். நீரோ மன்னனின் செயலாளர் ஒருவருக்கு அடிமையாக இருந்தவர், கால் ஊனமுற்றவர். விடுதலை பெற்று ரோமில் கற்பித்துக்கொண்டிருந்தபோது, முதலாம் நூற்றாண்டின் கடைசியில் தொமீஷியன் மன்னன் மெய்யியலாளர்களை வெளியேற்ற, கிரேக்கத்தின் மேற்குக் கரையிலிருந்த நிக்கோப்பொலிசுக்கு இடம்பெயர்ந்து அங்கே பள்ளி நடத்தினார். அவர் எதையும் எழுதி வெளியிடவில்லை. பேசியதை மாணவரான அரியன் எட்டுப் புத்தகங்களாக எழுதிவைத்தார் என்பார்கள்; நான்குதான் எஞ்சியிருக்கின்றன. ஒருமுறை அவருடைய இரும்பு விளக்கைக் கள்ளன் கொண்டுபோக, நாளைக்கு மண்விளக்கொன்றை வாங்கிக்கொள்ளலாம் என்றாராம். அவர் இறந்தபின் அந்த மண்விளக்கை 3,000 திராக்மா கொடுத்து ஒருவர் வாங்கினார் என்று அங்கத எழுத்தாளர் லூசியன் கேலி செய்திருக்கிறார். விளக்கை வாங்கினால் வெளிச்சமும் கூட வரும் என்று நம்பிய அந்த ஆளுக்கு இன்றும் குறைவில்லை. ஸ்டோயிக்காக இருந்த ரோமப் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியசின் சிலைமுகத்தைப் போட்டு வெற்றிக்கு வழி சொல்லும் காணொளிகள் அவர்களுக்காகத்தான் வருகின்றன.

வாசித்தது எனக்குள் இறங்கியது அடுத்த சிறுபோகத்தில், ஒரு நண்டின் உதவியால். நெல் குடலைப் பருவத்தில் நின்ற நேரம். எங்கள் முறைக்கான நீர் இரவில் வந்தது. இரண்டு மணிவரைக்கும் டோர்ச் லைற்றுடன் நின்று, கணுக்கால் அளவுக்கு நீர் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். விடிய வந்து பார்த்தால் வயலில் நீர் இல்லை, சேறு மினுங்கிக்கொண்டிருந்தது. கீழ்வயலில் நீர் தளும்பி நின்றது. கீழ்வயல்காரரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய மகளுக்கு நான்தான் கணிதம் படிப்பித்தேன். அதெல்லாம் அந்த நேரத்தில் நினைவில் இல்லை. நாலு பேர் கேட்க, வரம்பில் நின்று, இராத்திரி வரம்பை வெட்டிவிட்டவர் என்று கத்தினேன். கள்ளன் என்ற சொல்லையும் சொன்னேன்.

அவர் பதில் சொல்லவில்லை. மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் வரம்பில் ஏறி, காலால் புல்லை விலக்கி விலக்கி நடந்துவந்தார். ஓரிடத்தில் குந்தி, கையை முழங்கைவரைக்கும் வரம்புக்குள் விட்டார். உள்ளே நீர் களகளவென்று ஓடும் சத்தம் எனக்கும் கேட்டது. நண்டு வளை. எங்கள் பக்கம் வாய் வைத்து, வரம்பைக் குறுக்கே துளைத்து, அவருடைய பக்கம் திறந்திருந்தது. நீர் அவருடைய வயலுக்குத்தான் போயிருந்தது. போக வைத்தவர் அவரல்லர். களிமண்ணையும் வைக்கோலையும் சேர்த்துக் குழைத்து வளைக்குள் இறுக்கி, மேலே ஏறி மிதித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நண்டையும் ஒருக்கா ஏசிப்போட்டு வாங்கோ, ரீச்சர்."

கைநூலின் 45 ஆம் பகுதி இதைப் பற்றியதுதான். ஒருவர் விரைவாகக் குளிக்கிறார் என்றால் விரைவாகக் குளிக்கிறார் என்று சொல், தவறாகக் குளிக்கிறார் என்று சொல்லாதே. நிறைய மது அருந்துகிறார் என்றால் நிறைய அருந்துகிறார் என்று சொல், கெட்ட குடிகாரர் என்று சொல்லாதே. அவர் எதற்காக அப்படிச் செய்கிறார் என்பது உனக்கு எப்படித் தெரியும் என்று எபிக்டெட்டஸ் கேட்கிறார். மாணவர்களுக்கு அவர் கொடுத்த பயிற்சியொன்றும் உண்டு. ஒருவருடைய கப்பல் மூழ்கிவிட்டது. என்ன நடந்தது? கப்பல் மூழ்கியது. அவ்வளவுதான். ஐயோ கேடு வந்துவிட்டதே என்பது ஒவ்வொருவரும் தன் கையிலிருந்து சேர்த்துக்கொள்வது. வயலில் நீர் இல்லை என்பதுதான் வயல் எனக்குக் காட்டியது. அவர் களவெடுத்தார் என்பது நான் சேர்த்தது. மனத்தில் தோன்றும் காட்சிக்கும், ஆம் அது அப்படித்தான் என்று நாங்கள் அதற்குக் கொடுக்கும் இசைவுக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது, மனிதனுடைய சுதந்திரம் முழுவதும் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கிறது என்பதே ஸ்டோயிக்குகளின் உளவியல். 1950களில் அமெரிக்காவில் உளவியலாளர் அல்பேர்ட் எல்லிஸ் தன் உளச்சிகிச்சை முறையை உருவாக்கியபோது எபிக்டெட்டசிடமிருந்தே இதை எடுத்ததாக ஒளிக்காமல் சொன்னார். பின்னர் உளமருத்துவர் ஆரன் பெக்கும் தன் முறையின் வேர் ஸ்டோயிக்குகளிடம் இருப்பதை ஏற்றுக்கொண்டார்.

அன்றிலிருந்து நான் செய்வது சின்ன வேலைதான். கோபம் வரும்போது நடந்ததைப் பெயரடை இல்லாமல் ஒருமுறை மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பேன். என் வகுப்பில் ஒரு பையன் தொடர்ந்து பிந்தி வந்தான். சோம்பேறி என்று வாய்வரைக்கும் வந்ததை நிறுத்தி, "ஐந்து நாள் பிந்தி வந்திருக்கிறாய்" என்று மட்டும் சொன்னேன். "பால் குடுத்திட்டு வாறன் ரீச்சர், பால்காரர் பிந்திப்போச்சு" என்றான். இப்படிக் கேட்டால் காரணம் வருகிறது. முத்திரை குத்திவிட்டுக் கேட்டால் மௌனம்தான் வருகிறது. எல்லா நாளும் எனக்கு இது வாய்ப்பதில்லை. வாய்க்கும் நாளில் தலையிடி குறைவு.

கீழ்வயல் அண்ணையிடம் நான் மன்னிப்புக் கேட்க மூன்று நாள் எடுத்தது. அந்த மூன்று நாளும் மார்க்கஸ் அவுரேலியசின் பகுதியொன்றையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். 161 தொடக்கம் 180 வரை ரோமப் பேரரசை ஆண்ட அவர், கொள்ளைநோய்க்கும் தன்யூப் எல்லைப் போர்களுக்கும் நடுவில் தனக்கென்று கிரேக்க மொழியில் எழுதிவைத்த குறிப்புகளில் இரண்டாம் புத்தகம், இன்று நீ நன்றியற்றவர்களையும் ஆணவக்காரர்களையும் வஞ்சகர்களையும் சந்திக்கப்போகிறாய் என்று காலையில் தனக்குத் தானே சொல்லிக்கொள்வதில் தொடங்குகிறது. காணொளிக்காரர்கள் இவ்வளவோடு நிறுத்திவிடுவார்கள். அந்தப் பகுதி முடிவது வேறிடத்தில்: கைகளைப் போல, கால்களைப் போல, மேல்வரிசைப் பல்லையும் கீழ்வரிசைப் பல்லையும் போல நாங்கள் சேர்ந்து இயங்கப் பிறந்தவர்கள். மேல்வயலும் கீழ்வயலும் என்று வாசித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டபோது அவர், "அதை விடுங்கோ, உங்கட வரம்பில இன்னும் ரெண்டு வளை கிடக்கு" என்றார்.

மகிழ்ச்சியும் மன அமைதியும் வேண்டி இந்தப் பக்கம் வருபவர்கள் அதிகம். நானும் அப்படித்தான் வந்தேன். ஆனால் ஸ்டோயிக்குகள் மகிழ்ச்சியை விதைப்பவர்கள் அல்லர். தானியத்துக்காக உழுத வயலில் இடையிடையே பூக்களும் முளைக்கின்றன, பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன, ஆனால் உழுதவன் அவற்றுக்காகப் பாடுபடவில்லை என்று ரோம ஸ்டோயிக்கான செனெக்கா எழுதுகிறார். எங்கள் வரம்புகளில் தும்பை பூத்துக் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். அவர்கள் விதைக்கச் சொன்னது அறிவு, நீதி, துணிவு, அளவறிதல் என்ற நான்கையும். உடல்நலம், செல்வம், நற்பெயர் எல்லாம் கிடைத்தால் நல்லது, விரும்பி எடுத்துக்கொள்ளலாம், ஆனால் ஒருவரை நல்லவராக்குவதோ கெட்டவராக்குவதோ அவையல்ல என்றார்கள். இந்த நான்கில் நீதியை இப்போது பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள். துணிவும் அளவறிதலும் மட்டும் கற்றுக்கொண்டவர் நல்ல முதலாளிக்கு நல்ல வேலையாளாக இருப்பார்; அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

செனெக்காவோடு எனக்குப் பழைய வழக்கொன்று உண்டு. இடையிடையே சில நாளைக்கு மிக மலிவான உணவை உண்டு, முரட்டு உடையை உடுத்து, இதற்குத்தானா இவ்வளவு நாளும் அஞ்சினேன் என்று உன்னையே கேட்டுப்பார் என்று 18 ஆம் கடிதத்தில் நண்பர் லூசிலியசுக்கு அறிவுரை சொல்கிறார். ரோமின் பெரும் செல்வர்களில் ஒருவர் சொல்வது. முதன்முறை வாசித்தபோது சிரித்துவிட்டேன். உப்புக்கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு வறுமையை ஒத்திகை பார்க்கச் சொல்லி எந்த மெய்யியலும் தேவையில்லை. எங்கள் சிக்கல் அதற்கு மறுதலையானது. எங்கள் அம்மாவின் கட்டிலுக்குக் கீழே ஒரு சொப்பிங் பை இருக்கிறது. அதற்குள் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், என்னுடைய பட்டச் சான்றிதழின் பிரதி, அப்பாவின் ஒரு படம், ஒரு தீப்பெட்டி, ஒரு சோடி மாற்றுடுப்பு. பொலித்தீனால் மூன்று சுற்றுச் சுற்றியிருக்கும். 2018 டிசெம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் ஊர்களுக்குள் புகுந்த இரவில் அந்தப் பை முதலாவதாக வீட்டைவிட்டு வெளியேறியது, அம்மா இரண்டாவதாக.

நெடுநாள் அதை நான் அம்மாவின் ஆறாத காயம் என்றே நினைத்திருந்தேன். வரக்கூடிய தீமையை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து ஆயத்தமாக இருக்கவேண்டும் என்ற ஸ்டோயிக் பயிற்சியைப் பற்றி வாசித்தபின் இன்னொன்றைக் கவனித்தேன். மழை இருட்டும் மாலையில் அம்மா பையை எடுத்துப் பார்ப்பார், முடிச்சைச் சரிபார்ப்பார், "ஒரு பொல்லாப்பும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் படுப்பார். பத்து நிமிடத்தில் குறட்டை கேட்கும். பையே இல்லாத நான்தான் விடியுமட்டும் முழித்திருப்பேன். உண்மையில் நடப்பதைவிடக் கற்பனையில்தான் நாங்கள் அடிக்கடி துன்பப்படுகிறோம் என்று அதே செனெக்கா 13 ஆம் கடிதத்தில் எழுதியது என்னைப் பற்றி. ஆயத்தத்துக்கு ஒரு முடிச்சு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் அன்றைய வேலை முடிந்துவிடும். கவலைக்கு முடிச்சு இல்லை.

அம்மா சொல்லும் அந்த வாசகம் யாழ்ப்பாணத்து ஞானி யோகர் சுவாமிகளுடையது. கொழும்புத்துறையில் இருந்த அவர் அதற்கு முன்னர் கிளிநொச்சியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக வேலை பார்த்தவர் என்பதில் எங்கள் பக்கத்தவர்களுக்கு ஒரு தனிப் பெருமை. அவருடைய வாசகத்தையும் ஸ்டோயிக்குகளையும் ஒன்றாக்கிவிட எனக்கு விருப்பமில்லை. அவர் கணக்கை ஒரேயடியாகப் பூட்டிவிடுகிறார். செனெக்காவோ விளக்கு அகற்றப்பட்டபின், மனைவியும் பேச்சை நிறுத்தியபின், அன்றைய நாள் முழுவதையும் தனக்குள் திரும்ப விசாரித்து, இதை இனிச் செய்யாதே, இம்முறை உன்னை மன்னிக்கிறேன் என்று தனக்கே தீர்ப்புச் சொல்கிறார். கணக்குப் பழக்கமுள்ள எனக்கு இரண்டாவது ஒத்துவருகிறது. கொப்பியில் இரண்டு வரி எழுதிவிட்டுப் படுப்பேன்.

உடம்பு மட்டும் இந்தப் பாடங்கள் எதையும் கேட்பதாக இல்லை. காட்டோரம் யானை இறங்கும் இரவுகளில் யானைவெடி கொளுத்துவார்கள். சத்தம் கேட்டு நான் முழிக்கும்போது ஏற்கெனவே கட்டிலிலிருந்து இறங்கி நிலத்தில் குப்புறக் கிடப்பேன். இத்தனை வருடம் கழிந்தும் இப்படித்தான். ஸ்டோயிக் என்றால் அசையாத கல் என்று நினைத்து இதற்காக வெட்கப்பட்டிருக்கிறேன். ஔலஸ் கெல்லியஸ் என்ற ரோம எழுத்தாளர் சொல்லும் ஒரு நிகழ்ச்சிதான் அந்த வெட்கத்தைப் போக்கியது. கிரேக்கத்திலிருந்து இத்தாலிக்குப் போன கப்பல் புயலில் அகப்பட்டபோது, அதில் வந்த ஸ்டோயிக் ஆசான் ஒருவரும் மற்றவர்களைப் போலவே முகம் வெளிறிப்போனாராம். கரை தெரிந்தபின் அதைப் பற்றிக் கேட்ட கெல்லியசுக்கு, தன் பையிலிருந்து எபிக்டெட்டசின் உரைகளில் ஐந்தாம் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். இடிச்சத்தத்துக்கு ஞானியும் துணுக்குறுவான், நிறம் மாறுவான். அது மனத்தின் இசைவைக் கேட்காமல் வரும் முதல் அசைவு. ஞானிக்கும் மற்றவனுக்கும் உள்ள வேறுபாடு அதற்குப் பின்னர் என்ன நடக்கிறது என்பதில்தான் என்று அதில் இருந்தது. ஐந்தாம் புத்தகம் தொலைந்துபோன நான்கில் ஒன்று. கெல்லியஸ் குறித்துவைத்ததால் இந்த ஒரு துண்டு தப்பியிருக்கிறது. இப்போது யானைவெடி கேட்டால் நிலத்தில் கிடந்தபடியே, "இது வெடி. யானைக்குப் போடுகிறார்கள்" என்று எனக்கு நானே சொல்வேன். பிறகு எழும்பித் தண்ணீர் குடிப்பேன்.

இனி, நான் எழுதத் தயங்கிய விடயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து வளவில் இருக்கும் பெரியம்மாவின் மூத்த மகன் 2009 வைகாசிக்குப் பின் இல்லை. இறந்தவன் என்று எழுத முடியாது; உள்ளவன் என்றும் எழுத முடியாது. 2017 மாசியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில் அவரும் போய் இருந்தவர். கைநூலை மொழிபெயர்த்துப் பார்க்கும் ஆசை எனக்கு முற்றியிருந்த நாள்களில், ஒரு மாலை, அவர் எங்கள் திண்ணையில் வந்திருந்தபோது 11 ஆம் பகுதியைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். எதைப் பற்றியும் அதை இழந்துவிட்டேன் என்று சொல்லாதே, திரும்பக் கொடுத்துவிட்டேன் என்று சொல். உன் பிள்ளை இறந்துவிட்டதா? திரும்பக் கொடுக்கப்பட்டது. அவருக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நான் உண்மையாகவே நினைத்தேன்.

பெரியம்மா கையிலிருந்த பிளேன்ரீயைக் கீழே வைத்தார். "நான் குடுத்தனான்தானே, பிள்ளை" என்றார். "வட்டுவாகலில என்ர கையால பிடிச்சுக் குடுத்தனான். அதைத்தான் திருப்பித் தரச்சொல்லிக் கேக்கிறன்."

போரின் முடிவில் பிள்ளைகளை இராணுவத்திடம் கையளித்தோம் என்பதுதான் அந்தத் தாய்மார் எல்லோரும் சொல்லும் சொல். அது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும், நிக்கோப்பொலிசில் ஓர் ஆசான் தன் மாணவர்களுக்குச் சொன்ன வரியைக் கொண்டுவந்து அவருடைய மடியில் போட்டேன். எபிக்டெட்டஸ் சொன்ன கொடுத்தவர் இறைவன். பிள்ளையைத் தந்தவரே திரும்ப வாங்கிக்கொண்டார் என்பது அவருடைய கணக்கு. பெரியம்மா மகனைக் கொடுத்தது மனிதரிடம். மனிதரிடம் கொடுத்ததற்குக் கணக்குக் கேட்பது நீதியின்பாற்பட்டது, ஸ்டோயிக்குகள் விதைக்கச் சொன்ன நான்கில் ஒன்று. முகாமிலிருந்து திரும்பிவந்த காலத்தில், ஒரு பயிற்சிப் பட்டறையில், போனதை மறந்து எழும்புங்கள் என்று வளவாளர் ஒருவர் வெண்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கியபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது நினைவிருக்கிறது. அதே வேலையை நான் திண்ணையில் செய்திருக்கிறேன், அம்புக்குறி இல்லாமல்.

வெட்கத்தோடு நூலைத் திரும்பப் புரட்டியபோதுதான் 16 ஆம் பகுதி கண்ணில் பட்டது. பிள்ளையைப் பிரிந்தோ உடைமையை இழந்தோ ஒருவர் அழக் கண்டால், அவரை வருத்துவது நிகழ்ந்ததல்ல, அதைப் பற்றிய அவருடைய மதிப்பீடே என்று உடனே உன் மனத்துக்குள் சொல்லிக்கொள். ஆனால் அவருக்கு ஆறுதலான சொல் சொல்லத் தயங்காதே, தேவையானால் அவரோடு சேர்ந்து அழு. உள்ளுக்குள்ளும் அழுதுவிடாதே என்று முடிக்கிறார். அந்தக் கடைசி வரி எனக்கு இன்றைக்கும் உடன்பாடில்லை. எங்கள் ஊரில் உள்ளுக்குள் அழாமல் வெளியே அழுபவரைக் கூலிக்கு மாரடிப்பவர் என்பார்கள். ஆனால் மதிப்பீட்டைப் பற்றிய பாடத்தை அவர் யாரிடம் சொல்லச் சொல்கிறார் என்று பாருங்கள். அழுகிறவரிடம் அல்ல, தனக்குத் தானே. இந்த மருந்துச் சீட்டில் எழுதியிருக்கும் பெயர் என்னுடையது மட்டும்தான். அதைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்தது என்னுடைய பிழை, மருந்தின் பிழையல்ல. கண்டியில் என்றாலும் கனடாவில் என்றாலும் இதுதான் சரி; வன்னியில் இதைத் தெரியாமல் இந்தப் புத்தகத்தைத் திறக்கவே கூடாது.

வில்லாளி ஒருவனைப் பற்றி ஸ்டோயிக்குகள் சொன்ன உவமையை ரோம எழுத்தாளர் சிசரோ எழுதிவைத்திருக்கிறார். குறிபார்ப்பதற்குத் தன்னால் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்வதுதான் அவனுடைய இலக்கு. அம்பு போய்த் தைப்பது தெரிவுசெய்யத் தக்கது, ஆனால் அவன் கைக்கு உட்பட்டதல்ல. நாண் விட்டபின் காற்று வீசலாம். அப்படியென்றால் எய்யாமல் இருந்துவிடலாம் என்று அவர்கள் சொல்லவில்லை. பெரியம்மா படங்களோடு பந்தலில் போய் இருந்ததை நான் ஒரு காலத்தில், தன் வசத்தில் இல்லாததைப் பற்றிக்கொண்டிருக்கும் துயரமாகப் பார்த்தேன். மகன் வருவது அவர் வசத்தில் இல்லைத்தான்; அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கேட்பது அவர் வசம். காலை எழும்பி, சேலையை உடுத்து, படத்தைத் துடைத்து, பஸ் ஏறுவது அவர் வசம். அவர் எபிக்டெட்டசை வாசித்தவரல்லர். வாய்க்காலைத் துப்புரவாக்குவதை எந்த வருடமும் விட்டவருமல்லர்.

போன மாதம் பயிர்ச்செய்கைக் கூட்டம் முடிந்து வந்த அன்று அம்மா வழமையான கேள்வியைக் கேட்டார். எண்ணைச் சொன்னேன். "கத்தியைத் தீட்டவேணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். பெரியம்மா திண்ணையில் இருந்தார். கையில் வெள்ளைத்தாளும் ஒரு பழைய கடிதத்தின் பிரதியும். அலுவலகமொன்றுக்குத் திரும்பவும் எழுதிக் கொடுக்கவேண்டுமாம். முன்பு கொடுத்தது அவர்களிடம் இல்லையாம். நான் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, கைகழுவி, பேனாவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் இருந்தேன். பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் அவர் பார்க்காமலே சொன்னார். கடைசியாகக் கண்டபோது உடுத்திருந்தது என்ற இடத்தில், பழைய பிரதியைப் பார்த்து, நீலச் சேட்டு என்று எழுதினேன்.

"கடும் நீலம் எண்டு எழுது, பிள்ளை" என்றார்.

வெட்டிவிட்டு, மேலே திருத்தி எழுதினேன்.